பாரிட் புந்தார் எலி மட்டும் பாக்கி

தம்பி,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்கத்தான் காகிதத்தை எடுத்தேன். கை வரவில்லை. சாப்பிடுகிறேன், கச்சாங் கடைக்கு வேலைக்குப் போகிறேன், கடலை வறுக்கிறேன், முறுக்குப் பிழிகிறேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் புகை என்று சொல்லிக்கொள்கிறேன். புந்தோங்கில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நீ ஜொகூரில் ஏதோ மின்சாமான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் ஆய்வுக்கூடக் கூட்டாளி குமார் மளிகைக்கடைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான். ஆஸ்திரேலியாவில் உனக்கு இடம் கொடுத்திருக்கும் பேராசிரியருக்கு, இனி எலி ஆராய்ச்சியே வேண்டாம், நான் வரவில்லை என்று எழுதப் போகிறாயாம். ஆனால் இன்னும் எழுதவில்லையாம். அது எழுதப்படுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். நடுவிலே மடித்து வைத்துவிடாதே.

உங்கப்பா போனதற்கு நீதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "வாரேன்மா" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கப்பா படத்தையும் பார்க்கவில்லை. வாசலில் அடுக்கியிருந்த எலிப்பொறிகளைச் சுற்றிக்கொண்டு போனாய், கால் பட்டால் பாவம் என்பதுபோல. பெற்றவளுக்கு இது போதாதா? உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது. எது முன்னால் வருகிறதோ அதை எழுதிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன். தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, உங்கப்பா கையிலிருந்து பால்வெட்டுக் கத்தி போய் எலி மருந்து வந்தது. பழம் பழுத்தால் எலி வந்துவிடும். ஒவ்வொரு மரத்தடியிலும் மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும் மருந்தை வைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு திரும்பவும் நடந்து, எதைத் தின்றிருக்கிறது என்று பார்த்து அங்கே வேறு வைக்க வேண்டும். அவர் எத்தனை தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்தக் கையால் உனக்குச் சோறு ஊட்ட நான் விட்டதில்லை. நாம் தோட்டத்தை விட்டுப் புந்தோங்குக்கு வந்த பிறகும் அவர் பஸ் ஏறி அதே வேலைக்குத்தான் போய் வந்தார். அப்படி வருஷக்கணக்காக எலியைக் கொன்ற மனிதனிடம், எலியை உயிரோடு பிடித்துக் கொடு என்று மகன் வந்து கேட்பான் என்று யார் கண்டார்கள்! நீ கோலாலம்பூரில் பட்டம் வாங்கி, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். லீவில் வந்து தோசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தாய்.

"அப்பா, எனக்கு எலி வேணும். மூணு ஜாதி. உயிரோட."

"எலியா? ஐயோ சாமி! மகன் டாக்டருக்குப் படிக்கிறான்னு காப்பிக்கடையில சொல்லிக்கிட்டு இருக்கேன்லா. எலிக்கு டாக்டரா நீ?"

"டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்லப்பா. எலிக்கு யாரு அண்ணன் யாரு தம்பின்னு கண்டுபிடிக்கப் போறேன்."

உங்கப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். ஆனால் மறுநாளே கம்பிப் பொறி செய்ய ஆள் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனிதனுக்கு அவ்வளவு ஆசை. நீ கேட்டு அவர் கொடுக்கும்படியாக உன் படிப்பில் ஒன்றுமே இருந்ததில்லை. கணக்கா, விஞ்ஞானமா, இங்கிலீஷா, எதைக் கேட்டாலும் அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். முதல் தடவையாக அவருக்குத் தெரிந்த ஒன்றை நீ கேட்டாய்.

எனக்கும் விளங்கும்படி நீ சொன்னதை இன்னும் மறக்கவில்லை. வீட்டு எலி, செம்பனைக் காட்டில் இருக்கும் வெள்ளை வயிற்று எலி, நெல் வயலில் இருக்கும் சாம்பல் வயிற்று எலி, மூன்றும் பார்வைக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எது எதற்கு உடன்பிறப்பு, எது ஒன்றுவிட்ட சொந்தம், எது முந்திப் பிரிந்து போனது என்று வாலை அளந்தும் மண்டையோட்டைப் பார்த்தும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றாய். அதனால் ஈரலை எடுத்து, அதன் உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அது இரண்டு இழையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு ஏற்றினால் பிரிந்துவிடும். ஒரு ஜாதி எலியின் இழையையும் இன்னொரு ஜாதி எலியின் இழையையும் கலந்து ஆறவிட்டால், பொருந்துகிற இடத்திலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மறுபடி சூடு. இதைச் சொல்லும்போதுதான் உங்கப்பாவின் மழைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து அதன் ஜிப்பை இழுத்துக் காட்டினாய். ஒரே சட்டையின் இரண்டு பக்கமும் கடைசிவரை கடித்துக்கொண்டு நிற்கும். வேறொரு சட்டையின் பக்கத்தைக் கொண்டுவந்து மாட்டினால் அங்கங்கே பல் பொருந்தாது, லேசாக இழுத்தாலே விட்டுவிடும். தூரத்துச் சொந்தம் கொஞ்சச் சூட்டிலேயே கழன்றுகொள்ளும், நெருங்கின சொந்தத்தைப் பிரிக்க நிறையச் சூடு வேண்டும். எந்தச் சூட்டில் பிரிகிறது என்று பார்த்தால் எவ்வளவு சொந்தம் என்று தெரிந்துவிடும்.

"அப்ப நானும் உங்கம்மாவும்?" என்று உங்கப்பா கேட்டார். "எவ்வளவு சூடு வச்சாலும் பிரிய மாட்டோம்லா!"

"நீங்க கட்டிக்கிட்டவங்கப்பா. சொந்தம் வேற."

"என்ன வேற? தாய்மாமன் மகளைத்தானே கட்டியிருக்கேன். எழுதிக்கோ, இதையும் எழுதிக்கோ!"

நான் கரண்டியால் அவர் முதுகில் ஒன்று வைத்தேன். இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னாய். தாய் வழியாக மட்டும் வருகிற டி.என்.ஏ. ஒன்று தனியாக இருக்கிறதாம். பல பேர் அதைத்தான் பார்க்கிறார்களாம். அதை மட்டும் நம்பினால் சில சமயம் உறவுமுறை தப்பாகிப் போகுமாம். கருவுக்குள் இருப்பது அப்படி இல்லை, அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி, அதனால்தான் நீ அதைப் பார்க்கிறாய் என்றாய். உங்கப்பா தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "பார்த்தியா, எனக்கும் பங்கு இருக்கு" என்று என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் ஒரு மாசத்துக்குக் கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் இதையே சொல்லி உயிரை எடுத்தார்.

ஐஸ் பெட்டிக்காக நான் போட்ட சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். நீ வார இறுதியில் வந்து வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு எலியை அறுப்பாய். ஈரலைச் சின்னக் குப்பிகளில் போட்டு, எந்த ஊரில் பிடித்தது என்று எழுதி ஒட்டி, பிஸ்கட் டின்னில் அடுக்குவாய். ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது மொத்தமாக ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், அதுவரைக்கும் நம் வீட்டில் இருக்கட்டும் என்றாய். என் மீனுக்குப் பக்கத்தில் எலி ஈரலா! பழைய கரண்டுப் பெட்டி என்றாலும் நான் ஆசையாக வாங்கிய பெட்டி. இரண்டு நாள் உன்னோடும் பேசவில்லை, அவரோடும் பேசவில்லை. கடைசியில் மேல் தட்டு எலிக்கு, கீழ்த் தட்டு மனிதனுக்கு என்று முடிவாயிற்று. டின்மேல் சிவப்புத் துணியைக் கட்டி வைத்தேன். நாளாக ஆக அது என் கண்ணுக்குப் பழகிவிட்டது. குழம்புக்கு மீன் எடுக்கும்போது டின் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நானே உள்ளே தள்ளி வைப்பேன்.

இனி பூட்ஸ். உன் முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை, அவருக்கு முழங்கால் வரைக்கும் வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ். "எலி மூத்திரத்துல கிருமி இருக்கும்பா. சேத்துல, தேங்கின தண்ணில இது இல்லாம இறங்காதீங்க" என்று அவர் காலைத் தூக்கி உன் மடியில் வைத்து நீயே மாட்டிவிட்டாய். அவர் எழுந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே. தோட்டத்தில் துரைமார்தான் பூட்ஸ் போடுவார்கள் என்று பார்த்து வளர்ந்த மனிதன். அன்றைக்கே பசாருக்கு அதைப் போட்டுக்கொண்டு போய்க் கத்தரிக்காய் வாங்கிவந்தார். வெயிலில் கால் வெந்துபோய் வந்து நின்றார். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் பொறி வைக்கப் போகும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினார், அதை மாட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தார். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நம் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

வயல் எலிக்காகப் பாரிட் புந்தாருக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்த சமயத்தில்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழை நின்றிருந்தாலும் வயலில் தண்ணீர் வடியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கெண்டைக்கால் வலி என்றார், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததால் என்றார். கண் சிவந்திருந்தது, தூக்கமில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "சும்மா இரு புள்ள, மகன் சனிக்கிழமை வாரான், அதுக்குள்ள எந்திரிச்சிருவேன்" என்றார். நீ வந்து பார்த்தபோது கண் மஞ்சளாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் குதிகால் வெடிப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எலியிடமிருந்து வரும் காய்ச்சல், தண்ணீர் வழியாகக் காலில் ஏறியிருக்கும் என்றார். பூட்ஸ் போட்டுத்தான் போனாரா என்று உன்னைக் கேட்டார். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். போடாம போக மாட்டாரு" என்று நீ சொன்னாய். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியில் திரும்புகிறார் என்று நினைத்தேன். சிறுநீரகம் நின்றுபோய், நாலாம் நாள் அவரும் போய்விட்டார்.

இனி அந்த டின். நீ கொள்ளி வைக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தாய். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் மூலையில் கிடந்தேன். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்திருந்த உன் மங்கா அத்தை, கூடப் பிறந்தவனைக் கொடுத்துவிட்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் விளக்குமாற்றையும் வாளியையும் கையிலெடுத்தாள். சாவு வீட்டில் பதினாறாம் நாள் வரைக்கும் கவிச்சி ஆகாது என்று நம் வழக்கம். அவள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். மீன், இறால், கோழி, சிவப்புத் துணி கட்டிய டின்னுக்குள் சின்னக் குப்பிகளில் துண்டு துண்டாக இறைச்சி. எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பின்னால் ஓடுகிற லோங்காங் சாக்கடையில் கொட்டிவிட்டு, பெட்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து வைத்தாள். அண்ணனுக்குச் சுத்தமாகச் செய்கிறோம் என்று அழுதுகொண்டே செய்தாள், தம்பி. சொல்லவேண்டிய நான் எழுந்து பார்க்கவில்லை.

நீ குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தாய். தண்ணீர் குடிக்கப் பெட்டியைத் திறந்தாய்.

"டின் எங்க அத்தே?"

"எந்த டின் மருமகனே? கவிச்சியெல்லாம் கொட்டிட்டேன்யா. லோங்காங்ல."

நீ ஓடினாய். நாங்கள் எல்லோரும் பின்னால் வந்தோம். வெறுங்காலோடு கால்வாயில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கறுப்புத் தண்ணீரைத் துழாவினாய். குப்பி ஒன்று கூட இல்லை, தண்ணீர் நல்ல வேகம். நான் கத்தியது எனக்கே கேட்டது: "அந்தத் தண்ணியில நிக்காதடா! ஐயோ, கால எடுடா! ஒருத்தரக் குடுத்தது பத்தாதா!" நீ நிமிர்ந்தாய். உன் காலைப் பார்த்தாய். முழங்கால் வரைக்கும் தண்ணீர். அப்போது உன் முகத்தில் ஒன்று அணைந்துபோனதை நான் பார்த்தேன். இன்றுவரை அது திரும்ப எரியவில்லை.

வேலியோரம் நின்ற கூட்டத்தில் ஒருத்தர், "அப்பன் இன்னும் எரிஞ்சு முடியல, இவன் எலிக்கு அழுவுறான்" என்றார். நம் சொந்தக்காரர்தான். உன் காதிலும் விழுந்தது. அந்தச் சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. நீ சொன்னதுபோல முதல் சூட்டிலேயே கழன்றுகொண்டார்கள், விடு. நீ எதைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். அந்த டின்னில் இருந்த ஒவ்வொன்றும் உங்கப்பா கையால் பிடித்தது. நீயும் அவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். அவரைத் தீயில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அதையும் தண்ணீரில் விட்டிருந்தோம். இதைச் சத்தமாகச் சொல்லி அந்த வாயை அடைக்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீ போன அடுத்த வாரம், பஸ் நிற்கும் முனையில் காப்பிக்கடை வைத்திருக்கிறாரே சீனத் தவுக்கே, அவர் வந்தார். சாவுக்கு ஊரில் இல்லையாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, இது அண்ணே சாமான். நம்ம கடையில இருக்கு."

உள்ளே பூட்ஸ். சேறு ஒரு பொட்டு இல்லை. உருக்குலையாமல் இருக்க உள்ளே பழைய தமிழ்ப் பத்திரிகையைச் சுருட்டித் திணித்திருந்தது.

"இது எப்படி உங்க கடையில?"

"அவரு எலி பிடிக்கப் போனா இங்கதான் கழட்டி வெப்பாரு. செலிப்பாரு போட்டு பஸ் ஏறுவாரு. திரும்பி வந்தா பைப்புல கால் கழுவி, பூட்ஸ் போட்டு வீட்டுக்குப் போவாரு. நான் கேட்டேன், ஏன் அண்ணே இப்படின்னு. 'மகன் மொத சம்பளத்துல வாங்குனது, சேறு பட்டா சாயாங் லா, மனசு வராது'ன்னு சொன்னாரு. மகனோட ஏர்போர்ட்டுக்குப் போடணுமாம். காய்ச்சலா வந்த அன்னிக்கு பூட்ஸ் மறந்து போய்ட்டாரு."

தவுக்கே போன பிறகு நான் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவரைத் திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். மடையா, பாவி, காலுக்கு வாங்கிக் கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கிச் செத்தாயே என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து பிடித்துக்கொண்டாள். நல்ல புடவையைப் பெட்டியில் பூட்டி வைத்துக் கிழிசலைக் கட்டுகிற ஜாதி நாம். விருந்தாளி வந்தால்தான் நல்ல தட்டு, திருவிழா வந்தால்தான் நல்ல செருப்பு. மகன் வாங்கிக் கொடுத்ததைச் சேற்றில் மிதிப்பது அந்த மனிதனுக்கு உன்னையே மிதிப்பதுபோல இருந்திருக்கும். காய்ச்சலோடு வந்த அன்றைக்கு அவர் காலை நான் கவனிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஏன் சுவர்ப் பக்கம் திரும்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதை உன்னிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். சொன்னால் வலிக்கும். சொல்லாவிட்டால், வேறெதையோ நினைத்துக்கொண்டு அங்கே கிடந்து வேகுவாய். உன்னால் இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. எலி பிடிக்கப் போகாமல் இருந்திருந்தால் இருந்திருப்பார், அது எனக்கும் தெரியும். ஆனால் நீ ஆபத்தைச் சொன்னாய், பூட்ஸ் வாங்கினாய், உன் கையாலேயே மாட்டிவிட்டாய். ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்தாய். அவர் ஆசை மிதமிஞ்சிப் போய்விட்டது. அதற்கு நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன்? ஒன்று மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள், புத்திமதி என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள். யார் என்ன கொடுத்தாலும் அன்றைக்கே போட்டுக்கொள், அன்றைக்கே சாப்பிடு. எடுத்து வைக்காதே. உனக்குக் கொடுத்திருக்கும் அந்த இடத்தையும் எடுத்து வைக்காதே.

மங்கா அத்தைக்கு அவள் கொட்டியது எதற்காகச் சேர்த்தது என்று கருமாதிக்குப் பிறகுதான் நான் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குப் போனவள், திரும்பிப் புந்தோங் வந்து இறங்கியபோது கையில் மீன்காரர்கள் போடும் நீளக் கையுறை இரண்டு ஜோடி, தோளில் மீன் வைக்கிற சின்ன ஐஸ் பெட்டி.

"அண்ணி, எலி எங்க கெடைக்கும் சொல்லுங்க. நான் கொட்டுனத நானே பிடிச்சுக் குடுக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா மங்கா? உங்கண்ணன் போனது பத்தாதா?"

"எனக்குத் தூக்கம் வரலண்ணி. கண்ணை மூடுனா அந்தப் பையன் லோங்காங்ல நிக்கறான்."

கோபப்படாதே. இப்போதே எழுந்து நின்று கத்துவாய் என்று தெரியும், உட்கார். கையுறை இல்லாமல் தொடுவதில்லை, வெறுங்காலோடு இறங்குவதில்லை, சோப்புப் போடாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதைக் குமாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறோம். பொறிக்குள் கருவாட்டை மாட்டிவிட்டு இரண்டு கிழவிகளும் செம்பனை மரத்தடியில் குந்தியிருந்ததைப் பார்த்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சிரித்தான். பிறகு யாருக்காக என்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் எலி அதிகம் என்று கூட வந்து காட்டினான். கச்சாங் கடைக்குப் பின்னால் வீட்டு எலி கிடைத்தது. வெள்ளை வயிறும் கிடைத்தது. முதல் எலியைப் பார்த்து அத்தை போட்ட கூச்சலில் எலியே பயந்திருக்கும். அன்றைக்குத்தான், உங்கப்பா போன பிறகு, நான் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்த கையோடு அழுதேன், அது வேறு விஷயம். முழு எலியாகவே உறையவிடலாம் என்று குமார் சொன்னதால், ஊர் எழுதிய சீட்டைக் கட்டி, பழைய பிஸ்கட் டின்னிலேயே வைத்திருக்கிறோம். டின்னை மட்டும் லோங்காங்கில் விடாமல் திரும்பக் கொண்டுவந்திருந்தாள் அத்தை. மேல் தட்டில் இருக்கிறது. சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

பாரிட் புந்தார் எலி மட்டும் பாக்கி. அங்கே அறுவடை முடிந்து வயல் காய்ந்துகொண்டிருக்கிறது என்று கேள்வி. வருகிற சனிக்கிழமை நானும் அத்தையும் காலை ரயிலில் போகிறோம். அவர் கடைசியாகக் கால் வைத்த வயல் அது. தனியாகப் போக எனக்குத் துணிச்சல் இல்லை, அத்தை இருப்பதால் போகிறேன். எங்களுக்குப் பிடிக்கத்தான் தெரியும், தம்பி. ஈரலை எடுக்கவும், இழையைப் பிரிக்கவும், எது எதற்குச் சொந்தம் என்று சொல்லவும் எங்களுக்குத் தெரியாது. நீ வராவிட்டால் அந்த மூன்று எலியும் என் மீனுக்கு மேலே சும்மா கிடக்கும், நான் செத்த அன்றைக்கு வேறு யாராவது வந்து கொட்டுவார்கள். நீ ஆஸ்திரேலியா போய்விட்டால் எனக்கு இந்த வீட்டில் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. இருந்தாலும் போ. உன் உடம்பில் பாதி அவர் என்று நீதானே சொன்னாய். அந்தப் பாதியை ஜொகூரில் கொண்டுபோய் ஒளித்து வைக்காதே.

பூட்ஸ் எனக்குப் பெரிது. உன் பழைய பள்ளிக்கூடக் காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் நிற்கிறது. செம்பனைக் காட்டிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். முதல் தடவை சேற்றில் வைக்கும்போது கால் எழவில்லை. பிறகு ஓங்கி மிதித்தேன். இப்போது நன்றாக அழுக்காகிவிட்டது, குதிகாலில் ஒரு கீறல்கூட விழுந்திருக்கிறது. சனிக்கிழமை பாரிட் புந்தார் ஸ்டேஷனில் இறங்கும்போது என் காலில் அதுதான் இருக்கும், பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொள்வாய். செருப்போடு வந்து நிற்காதே. உனக்கும் ஒரு ஜோடி வாங்கு. வாங்கின கடையிலேயே போட்டுக்கொண்டு வா.

அம்மா